கறுவாவும் கருப்பை வலியும்

கண்டியிலிருந்து மாத்தளை போகும் வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைய. அங்கே உரித்துக் காட்டும் கறுவாவின் சீனத்து உறவுக்காரி, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாகப் பெண்நோய் மருந்து. ஏன்?

அந்த மருந்து கொடுக்கப்படும் நோய்களில் ஒன்றான எண்டோமெட்ரியோசிஸில் கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சூலகத்திலும் வயிற்றறைச் சவ்விலும் வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் அதுவும் தடிக்கும், கசியும், அழற்சியும் தழும்பும் உண்டாக்கும். மாதவிடாய்க் குருதி பலோப்பியன் குழாய் வழியே பின்னோக்கிப் போவதே காரணம் என்றார் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஜோன் சாம்ப்சன், 1920களில். ஆனால் அப்படிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்குத்தான்.

சீன வைத்தியர்கள் அந்தத் திசுவைப் பார்த்தவர்களல்லர். குத்தும் வலி, கட்டிகட்டியாகக் கருங்குருதி, ஊதா படிந்த நாக்கு: இவற்றைக் கண்டு ‘குருதித் தேக்கம்’ என்றார்கள். குளிரும் மன இறுக்கமும் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. ஆகவே சூடேற்று, ஓடவிடு. அந்த 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங்கின் குய்ஜி ஃபூலிங் மாத்திரையில் கறுவாக் குச்சி, ஃபூலிங் பூஞ்சை, பீச் பருப்பு, பியோனி வேர், இன்னொரு பியோனியின் வேர்ப்பட்டை என ஐந்தே சரக்கு. உட்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே ஊசியும் குத்துவார்கள். அந்த ஊசிக்கலையை இலங்கையில் பரப்பியவர்களில் முதன்மையானவர் களுபோவில வைத்தியசாலையின் அன்டன் ஜெயசூரிய.

பலன்? ஊசி குத்தும் காலத்தில் வலி குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. நிறுத்தினால் அவ்வளவாக நீடிப்பதில்லை. மூலிகை ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. கறுவாவை அள்ளித் தின்றால் போதுமா என்றால், போதாது. சீன வகையில் கல்லீரலைப் பாதிக்கும் கூமரின் அதிகம், நம்முடையதில் சொற்பம். குருதி உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தச் சரக்குகளை வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது.