கர்ப்ப கால மலச்சிக்கல்: இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்

"இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்து மலம் இறுகிவிட்டது" என்று கூறிக் கர்ப்பிணிகள் சிலர் அதனை நிறுத்திவிடுகின்றனர். அது தவறு. இரத்தசோகையுடன் பிரசவத்தை எதிர்கொள்வது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது. மலச்சிக்கலுக்கோ பாதுகாப்பான தீர்வு உண்டு.

கர்ப்ப காலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் குடலின் அசைவைக் குறைக்கிறது. வளரும் கருப்பையும் குடலை அழுத்துகிறது. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் உட்கொள்ளும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கக்கூடும். வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் பணிக்குச் செல்வோர், வழியில் கழிப்பறை கிடைக்காதோ என்றெண்ணித் தண்ணீரைக் குறைத்தால் தொல்லை மிகும்.

முதலில் உணவைக் கவனியுங்கள். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, முழுப்பயறு ஆகியவற்றை அன்றாடம் சேர்த்துக்கொள்ளுங்கள். போதிய தண்ணீர் அருந்துங்கள். மருத்துவர் தடை கூறாவிடில் நாள்தோறும் நடங்கள். மலம் கழிக்கும் உணர்வை அடக்காதீர்கள்.

இவை போதாவிடில், மருத்துவரின் ஆலோசனையுடன் இசப்கோல் உட்கொள்ளலாம். அது உடலில் பெரிதும் உறிஞ்சப்படாமல், நீரை ஈர்த்து மலத்தை இளக்குகிறது. ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் அருந்த வேண்டும். தண்ணீர் குறைந்தால் மலம் மேலும் இறுகும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி தேவை. லாக்டுலோஸ் திரவமும் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. இவை பலனளிக்க இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் அன்புடன் அளித்தாலும் விளக்கெண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். அது குடலை மட்டுமின்றிக் கருப்பையையும் சுருங்கத் தூண்டக்கூடும். திரவ பாரஃபினைத் தொடர்ந்து உட்கொண்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேர்வது தடைபடும். நிலாவாரை எனப்படும் சென்னாவை, தேவையெனில் மருத்துவர் சில நாட்களுக்கு மட்டும் தருவார். நாட்டு மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ணலாகாது.

இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாவிடில், அதன் வகையையோ உட்கொள்ளும் முறையையோ மருத்துவர் மாற்றித் தருவார். மலம் கருமையாவது அம்மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. ஆயின் மலத்தில் இரத்தம், கடும் வயிற்றுவலி, விட்டு விட்டு வரும் வலி, ஓயாத வாந்தி, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். ஊர்தி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல், இத்தொல்லையை நீங்களே கூச்சமின்றிக் கூறுங்கள்.