களிமண்ணோடு காலங்கழிக்கும் இளம் ஆய்வாளர்கள்

மன்னார்த் தீவின் கீரிக் கடற்கரையில் ஒரு குடம் நீரை ஊற்றினால் மணல் அதனைக் கணப்பொழுதில் உறிஞ்சிவிடும். அங்கிருந்து தாம்போதியைக் கடந்து மதவாச்சி வீதியில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்று, மாரியில் நனைந்த முருங்கன் வயலொன்றில் அதே குடம் நீரை ஊற்றினால் அது போகுமிடமின்றித் தேங்கி நிற்கும். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளைவிக்கும் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் இந்தக் கருங்களியின் குணத்தை நன்கறிவர். கோடையில் கை நுழையுமளவு வெடித்துக் கிடக்கும் நிலம், மழை விழுந்ததும் உப்பித் தன் வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். அத்திவாரத்தை அசைத்து வீட்டுச் சுவர்களைப் பிளப்பதும் இதே மண்தான். இலங்கையின் மண் வகைகளை 1961இல் நூலாக வகுத்தளித்த மூர்மன், பானபொக்கே ஆகியோரின் பாகுபாட்டில் இது 'குருமுசொல்' எனும் பெயரைப் பெற்றது.

இவ்வாறு உப்புவதற்குக் காரணம் மொன்மொரிலோனைற்று எனும் கனிமமாகும். இதன் துணிக்கைகள் புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்தவை. ஒரு தாளின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாத்திரமே. தாள்களுக்கிடையே நீர் புகும்போது அடுக்கு விரிகின்றது; விரிய இடமில்லாதவாறு அடைத்து வைத்தால் அது சுற்றிலும் பெரும் அழுத்தத்தைப் பிரயோகித்து எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடுகின்றது. இக்கனிமம் செறிந்த பெந்தோனைற்று என்ற களிமண்ணையே, மனிதன் உண்டாக்கிய மிக ஆபத்தான குப்பையைச் சுற்றி வைப்பதற்கு உலக நாடுகள் தெரிவு செய்துள்ளன.

அக்குப்பை அணுமின் உலைகளில் எரிந்து முடிந்த எரிபொருளாகும். கதிரியக்கக் கழிவுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்ட கோபாற்று-60 இன் கதிரியக்கம் 5.27 ஆண்டுகளில் பாதியாகும். அரை நூற்றாண்டில் ஆயிரத்திலொரு பங்களவுக்குக் குறைந்துவிடும். அணுமின் நிலையமில்லாத இலங்கை கையாள வேண்டியவை பெரும்பாலும் இத்தகைய மூலங்களே. எரிந்த எரிபொருளிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகவோ ஏறத்தாழ 24,100 ஆண்டுகள் செல்லும். ஆகவே பின்லாந்து ஒல்கிலுவோட்டோவில் 400 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் பாறையைக் குடைந்து, செப்புக் கலங்களில் எரிபொருளை வைத்து, அவற்றைச் சூழப் பெந்தோனைற்றை நிரப்பும் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. சுவீடன் அரசு 2022 ஜனவரியில் இதே முறைக்கு அனுமதி வழங்கியது. பிரான்சும் சுவிற்சர்லாந்தும் இயற்கையான களிப்பாறைப் படைகளுக்குள்ளேயே கழிவைப் புதைக்க ஆயத்தம் செய்கின்றன.

களி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. அதன் தாள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. எனவே நேர்மின்னேற்றமுடைய சீசியம், ஸ்ரொன்சியம் போன்றவற்றைப் பற்றி நிறுத்துகின்றன. நீரில் எதிர்மின்னேற்றத்துடன் அலையும் அயடீன்-129 ஐ அவ்வாறு பற்றுவதில்லை. அது பாதியாக 1 கோடி 57 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். உப்பு நீர் பட்டால் களியின் உப்பும் வல்லமை குன்றுகின்றது. நீண்டகால வெப்பத்தாலும் அது மாறக்கூடும் என்பதால் பின்லாந்து, சுவீடன் திட்டங்களில் களியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசைத் தாண்டாதவாறு கணிக்கப்படுகின்றது. இன்றைய ஆய்வுகளிற் பெரும்பகுதி இத்தகைய பலவீனங்களைப் பற்றியதே.

இங்கேதான் இளம் ஆய்வாளர்களின் கதை தொடங்குகின்றது. சுவிற்சர்லாந்தின் கிரிம்செல் மலைக்கடியிலுள்ள ஆய்வுச் சுரங்கத்தில் 'பெபெக்ஸ்' எனும் சோதனை நடந்தது. கழிவுக் கலத்துக்குப் பதிலாக மின்சார வெப்பமூட்டிகளை வைத்து, சுற்றிலும் பெந்தோனைற்றுக் கட்டிகளை அடுக்கி, 1997இல் வெப்பமேற்றத் தொடங்கினர். 2002இல் ஒரு பகுதியைப் பிரித்துப் பார்த்தனர். எஞ்சியதைப் பிரிக்க 2015 வரை காத்திருந்தனர். ஒரே சோதனைக்குப் பதினெட்டு ஆண்டுகள்! தொடங்கும்போது முப்பது வயதாயிருந்தவர் முடிவைக் காணும்போது ஐம்பதை எட்டியிருப்பார். ஐம்பதில் தொடங்கியவர் ஓய்வுபெற்றிருப்பார். மூத்தவர் எழுதிய குறிப்பை இளையவர் விளங்கிக் கையேற்காவிடில் பூமிக்கடியிலுள்ள சோதனை வெறும் மண்ணாகிவிடும்.

களிமண் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் தன் மாநாட்டில் பிராட்லி என்பாரின் பெயரால் இளம் ஆய்வாளருக்குப் பரிசளிப்பதும், 2002இல் பிரான்சின் ரேம்ஸ் நகரில் தொடங்கிய கழிவுக்காப்புக் களிமண் மாநாடு ஊர் ஊராகத் தொடர்ந்து 2024இல் ஜேர்மனியின் ஹனோவரை வந்தடைந்ததும் இக்காரணம் பற்றியே பொருளுடையனவாகின்றன. முப்பது வயதில் கைதட்டல் கிடைக்காதவர் வங்கி உத்தியோகத்துக்கோ கணினி நிறுவனத்துக்கோ போய்விடுவார். அவரைக் குறை கூறவும் முடியாது.

இதில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். மன்னாரிலிருந்து கடலுக்கப்பால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவில் கூடங்குளம் உள்ளது. அங்கு முதலாவது உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. அவற்றின் எரிந்த எரிபொருள் முதலில் நிலையத்திலுள்ள நீர்த்தொட்டிகளிலேயே வைக்கப்படுகின்றது. இந்தியாவில் ஆழ்நிலப் புதைகளம் எதுவும் இன்னும் அமையவில்லை. 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தினுள் வெப்பச் சோதனைகள் நடத்தப்பட்டதுண்டு. 2012 நவம்பரில் கழிவு அச்சுரங்கத்துக்கே வரப்போகின்றது என்ற செய்தி பரவியபோது அங்கு மக்கள் கிளர்ந்தெழ, அரசு அதனை மறுத்தது. கூடங்குளத்தில் எரிபொருளைத் தேக்கிவைக்கும் தனிக்களம் பற்றி 2019 ஜூலையில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்பும் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது.

அக்கரையின் மீனவர் கேட்ட கேள்விகளையே கீரியிலும் தலைமன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் உள்ளோரும் கேட்கின்றனர். ஒரே கடலில் வலை வீசுபவர்கள் அல்லவா? அச்சமூட்டும் வதந்திக்கும் "ஒன்றுமில்லை" என்ற அரச அறிக்கைக்கும் நடுவே நின்று, கடல்நீரையும் மணலையும் தானே அளந்து, அயல்நாட்டு அறிக்கையைத் தானே வாசித்துத் தமிழில் விளக்கக்கூடிய ஒருவர் இக்கரைக்கு வேண்டும். ஓர் எச்சரிக்கையையும் கூற வேண்டும். முருங்கனில் களி இருப்பதால் கழிவை அங்கே புதைக்கலாம் என்று பொருளில்லை. வயலின் மேல்மண் வேறு. பல நூறு மீற்றர் ஆழத்துப் பாறையில் அமையும் புதைகளம் வேறு. அம்மண்ணை நாம் ஆராய வேண்டியது நம் வீடுகளுக்காகவும் குளக்கட்டுகளுக்காகவும், குப்பைமேட்டுக் கசிவு கிணற்றைச் சேராது தடுப்பதற்காகவும். இப்பணிகளில் தேறும் கைகளே கதிரியக்கம் பற்றிய அறிக்கையையும் எடைபோட வல்லவை.

அத்தகைய கைகள் இல்லாமலில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் உள்ளன. 2021இல் வவுனியா தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் உண்டு. மூன்று இடங்களிலும் தமிழ், முஸ்லிம் மாணவர் பயில்கின்றனர். பரீட்சையில் முதலிடம் பெற்றவருக்குச் சந்தியில் பதாகை கட்டும் நம்மவர், களியின் விரிவை அளந்து ஆய்வேடு சமர்ப்பித்த மாணவியின் பெயரைக்கூட அறியார். அவ்வாய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலக அலுமாரியில் தூசி படிகின்றது. ஆய்வாளர் அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பெற்று வெளிநாடு செல்கின்றார். திரும்பி வந்து பணியாற்ற ஆய்வுகூடம் இருப்பதில்லை.

பரிசுத்தொகை பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. வருடாந்த ஆய்வரங்கில் மண், நீர், கதிரியக்கம் பற்றிய இளையோரின் ஆய்வுக்குத் தனியிடமும், அதனைத் தமிழில் நான்கு பக்கத்தில் எழுதித் தந்தால் ஒரு சன்மானமும் போதும் தொடங்குவதற்கு. பள்ளிவாசல் நிருவாகமும் பங்குச்சபையும் கோயில் தர்மகர்த்தா சபையும் சேர்ந்து ஓர் ஆய்வாளரின் ஓராண்டுச் செலவை ஏற்பது இயலாத காரியமன்று. வெளிநாட்டில் வாழும் மன்னார் மக்கள் பாடசாலைகளுக்குக் கட்டடங்களைக் கட்டித் தருகின்றனர். அதில் ஒரு சிறு பங்கு, களியை ஆராயும் எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கான கட்டணமாகட்டும். முதற் பணியாகக் கீரியிலும் தலைமன்னாரிலும் கிணற்று நீரையும் கரை மணலையும் ஆண்டுக்கு இருமுறை அளந்து பதிந்து வைக்கலாம். பின்னொரு நாள் கதிரியக்கம் கூடியதா என்ற கேள்வி எழும்போது, கூடுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு அந்தப் பதிவேட்டில் இருக்கும்.