உறைபனியில் உறையாத புழு

குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் நம் வீடுகளுக்குப் புதிதன்று. ஆயினும் பெயரில்தான் அது காய். மேற்கு ஆசியாவில் ஓக் மரக் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, அதைச் சுற்றி மரம் வளர்த்துவிடும் கழலையே அது. கிரிக்கெட் மட்டைக்குப் பெயர்போன வில்லோ மரத்தின் இனத்திலும் இத்தகைய கழலைகள் ஏராளம்.

இவற்றின் மூலத்தை அறிஞர்கள் எளிதில் கண்டுகொள்ளவில்லை. இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே வருகிறது என்று 1668-ஆம் வருஷத்தில் நிரூபித்தவர் இத்தாலியரான ரெடி. அத்தகைய மேதையே, கழலைப் புழுவை மட்டும் மரம் தன் ஜீவசக்தியால் ஈன்றெடுக்கிறது என்று நம்பினார்! பூச்சியின் முட்டையே காரணமென்று 1679-இல் காட்டியவர் மால்பீகி என்ற மற்றோர் இத்தாலிய வைத்தியர்.

நாம் சொல்ல வந்தது அலாஸ்காவின் வில்லோப் புதர்களைப் பற்றி. கொசுவைப் போன்ற ஒரு வகை ஈக்கள் அவற்றின் இளங்கொம்புகளில் முட்டையிடுகின்றன. கொம்பு பருத்துப் புழுவுக்கு வீடாகிறது. வீட்டுச் சுவரே ஆகாரமும் ஆகிறது. கோடை சுகமாகக் கழிகிறது. பிறகு வருகிறது குளிர்காலம். அங்கே 1971-ஆம் வருஷம் ஜனவரியில் ஓரிடத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 62 சென்டிகிரேடு டிகிரி வரை குளிர் இறங்கியது. வெப்பமானியிலுள்ள பாதரசம் 39-க்குள்ளாகவே கட்டியாகிவிடும்!

பல பிராணிகள் பனிப்போர்வைக்கு அடியில் ஒளிந்து பிழைக்கின்றன. இந்தப் புழுவின் கொம்போ பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கழலையின் சுவர் பசியைத் தீர்க்குமே தவிர, அக்குளிரைத் தடுக்காது. உடலுக்குள் ஒரு பனித்துகள் முளைத்தால் போதும். அதைப் பற்றிக்கொண்டு உடல்நீர் முழுவதும் நொடியில் உறைந்துவிடும்.

ஆயினும் உறைவதில்லை. அலாஸ்கா வில்லோக் கொம்புகளிலுள்ள கழலைப் புழுக்களைச் சோதித்த ஆராய்ச்சியாளர், ஏறக்குறைய 60 டிகிரிக் குளிர் வரை அவற்றின் உடல்நீர் திரவமாகவே நிற்கிறது என்று 1987-இல் எழுதினர். காரணங்களில் ஒன்று, உதட்டு வெடிப்புக்கு நாம் தடவும் அதே கிளிஸரின்! புழு அதைத் தன் உடலிலேயே நிறையச் சேர்த்துக்கொள்கிறது. கிளிஸரின் மட்டும் இவ்வளவையும் சாதித்துவிடாது. பனித்துகள் முளைக்க ஒரு வித்தும் கிடைக்காதபடி உடல் சுத்தமாக இருக்கவும் வேண்டும்.

வசந்தத்தில் கழலையைத் துளைத்துப் பூச்சி வெளிவருகிறது. சில சமயம் வருவது வீட்டுக்காரனன்று, அவனைத் தின்று வளர்ந்த ஒரு குட்டிக் குளவி. அந்தக் கள்ளனும் அதே குளிரைத் தாங்கித்தான் வந்திருக்கிறான்.