யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் ஒளிப்படக் கலைஞர்களும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்துள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு, கிரானைட் பாறைகளைப் பனியாறுகள் நெடுங்காலம் அரித்து உருவாக்கிய நிலமாகும். ஒளிப்படத்தின் துணையால் பாதுகாப்புப் பெற்று, பின்னர் ஒளிப்படத்தின் பொருட்டே மிதிபடவும் நேர்ந்த இடம் என்பதால், பயணிகள் எடுக்கும் இயற்கைக் காட்சிப் படங்களைப் பற்றிச் சிந்திப்போர் இதன் வரலாற்றை அறிந்திருப்பது நன்று.

ஒளிப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் இங்கு வந்தபோது, ஏறத்தாழ 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும் அவற்றுக்கேற்ற பெருங்கருவியையும் கோவேறு கழுதைகள்மீது ஏற்றிக் கொண்டுவந்தார். கண்ணாடியின்மேல் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அருகே அடித்த இருட்டுக் கூடாரத்தில் உடனே கழுவியெடுக்கும் ஈரத்தகட்டு முறையே அன்று வழக்கிலிருந்தது. ஆதலால் எங்கே நிற்பது, எந்த வெயிலுக்குக் காத்திருப்பது என்பவற்றை முன்னரே முடிவு செய்யாமல் ஒரு தகட்டைக்கூட அவரால் பயன்படுத்த இயலாது. அப்படங்கள் கிழக்கு நகரங்களை எட்டின. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, இப்பள்ளத்தாக்கையும் மாரிப்போசா செக்கோயா மரத்தோப்பையும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென்று கலிபோர்னியாவிடம் ஒப்படைக்கும் சட்டத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் கையெழுத்திட்டார். அச்சட்டம் நிறைவேற வாட்கின்ஸின் படங்கள் துணைநின்றன என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

மற்றோர் ஒளிப்படக் கலைஞரான ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று ‘ஹாஃப் டோம்’ எனப்படும் அரைக்குவிமாடப் பாறையை எடுத்த படம் வேறொரு பாடத்தைத் தருகிறது. மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்தால் வானம் வெளிறிவிடும், பாறையின் கம்பீரம் படத்தில் இறங்காது என்று உணர்ந்த அவர், எஞ்சியிருந்த கடைசித் தகட்டை அடர்சிவப்பு வடிகட்டியுடன் எடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பதால் வானம் ஏறக்குறையக் கருமையாகப் பதிந்தது. பாறையோ அதன் முன்னே தனித்து எழுந்து நின்றது. இறுதிப் படம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை எடுப்பதற்கு முன்பே மனத்தில் கண்டுவிடும் இந்தப் பயிற்சியை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி வந்தார். அது கருவியின் விலையைப் பொறுத்ததன்று என்பதால் இன்றைய கைபேசிக்கும் பொருந்தும்.

இன்று இப்பள்ளத்தாக்கில் மிகுதியாகப் படமெடுக்கப்படும் காட்சிகளுள் ஒன்று, ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்து நிற்கும் எல் கேப்பிடன் பாறையின் கிழக்கு ஓரத்தில் விழும் ஹார்ஸ்டெயில் அருவியாகும். பிப்ரவரி நடுப்பகுதி முதல் அம்மாத இறுதிவரை, மறையும் சூரியனின் கதிர்கள் தாழ்ந்த கோணத்தில் பாய்ந்து, அருவியை மட்டும் சில நிமிடங்கள் செம்மஞ்சள் நிறமாக்குகின்றன. மேலே போதிய பனி படிந்திருக்க வேண்டும், அது உருகுமளவுக்கு வெப்பம் இருக்க வேண்டும், மேற்கு வானில் மேகம் இருக்கலாகாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் காட்சி இல்லை. அக்டோபரிலும் கதிர்கள் இதே கோணத்தில் வருகின்றன, ஆனால் அப்போது அருவி வறண்டிருக்கும்.

இக்காட்சி புகழ்பெறுமுன் இப்பள்ளத்தாக்கில் மனிதர் நடத்திய ‘நெருப்பருவி’ ஒன்றும் இருந்தது. கிளேசியர் பாயின்ட் முகட்டிலிருந்து தணலை இரவில் கீழே தள்ளி வேடிக்கை காட்டிய அவ்வழக்கம், இயற்கைக்குப் புறம்பானது என்பதாலும், திரண்ட கூட்டம் புல்வெளிகளை மிதித்து அழித்ததாலும் 1968 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1973-இல், ஒளிப்படக் கலைஞர் கேலன் ரோவெல் எடுத்த வண்ணப்படம் ஹார்ஸ்டெயில் அருவியை உலகறியச் செய்தது. சமூக ஊடகங்கள் வந்தபின் கூட்டம் பெருகியது. இடம் பிடிக்க முந்தியோர் மெர்செட் ஆற்றங்கரையை நிறைத்தனர், கரையில் இடமின்றி ஆற்றுக்குள்ளும் இறங்கினர். ஆற்றோர மண்ணைப் பிடித்துவைத்திருப்பவை அங்குள்ள செடிகளின் வேர்களே. தொடர்ந்து மிதிபட்ட மண் இறுகி நீரை உறிஞ்ச இயலாமற்போக, வேர்கள் பட்டு, அடுத்த வெள்ளத்தில் கரை சரிகிறது. புல்வெளிகளைக் காக்க ஒரு வேடிக்கையையே கைவிட்ட யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அதே சேதம் மீண்டும் நேர்ந்திருப்பது மிகவும் வருந்தத்தக்கது.

பூங்கா நிர்வாகம் இப்போது பிப்ரவரியில் சாலையோர நிறுத்தத்தைத் தடைசெய்து, ஆற்றங்கரைப் பகுதிகளை மூடி, பார்வையாளர்களை ஏறத்தாழ ஒன்றரை மைல் நடக்கவைக்கிறது; சில ஆண்டுகளில் முன்பதிவும் கட்டாயமாக்கப்பட்டது. ஆளில்லாப் பறக்கும் கருவிகளுக்கு 2014 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் அனைத்திலும் தடை உண்டு. இவை கடுமையானவை என்று சொல்வதற்கில்லை. அங்கே செல்ல எண்ணுவோர் அவ்வாண்டின் விதிகளைப் புறப்படுமுன் அறிந்துகொள்ள வேண்டும். மூடப்பட்ட கரையில் கால்வைக்காமல், அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்று கிடைக்கும் படத்தோடு திரும்ப வேண்டும்.