சுவரைப் பிடித்து நிற்கும் அலமாரி

நம் பாட்டன்மார் காலத்து வீடுகளில் அலமாரி என்பது பெரும்பாலும் சுவருக்குள்ளேயே இருந்தது. கனத்த சுவரை எழுப்பும்போதே கொத்தனார் விட்டுவைத்த மாடத்துக்கு ஆசாரி ஒரு கதவைப் பூட்டிக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. அது சாயவேண்டுமானால் வீடே சாயவேண்டும். பின்னால் வந்த தேக்கு பீரோவோ சுவரின் தயவை எதிர்பாராமல், நான்கு ஆட்கள் சேர்ந்து தள்ளினாலன்றி நகராத தன் சொந்தப் பாரத்தையே நம்பி நின்றது. இன்று அட்டைப்பெட்டிக்குள் வெறும் பலகைகளாக வந்து இறங்கி, எல் வடிவச் சாவி ஒன்றையும் திருப்புளி ஒன்றையும் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரே ஒரு பிற்பகலில் பூட்டி நிறுத்திவிடக்கூடிய அலமாரிக்கு, இலேசாயிருப்பதே குணம். ஸ்திரமாய் நிற்பதற்கு வேண்டியதை அது சுவரிடமிருந்துதான் பெற்றாக வேண்டும். அப்படிப் பெற்றுத் தருகிற இரும்புத் துண்டும் பட்டையும், எல்லா வேலையும் முடிந்த பிறகு, எதற்கென்று தெரியாமல் பெட்டியின் அடியில் மிச்சமாகக் கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

பலகைகளாக வாங்கிப் பூட்டும் இவ்வகைச் சாமான்கள் பரவியதற்கு ஸ்வீடனில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைக் காரணமாகச் சொல்வதுண்டு. ஐகியா நிறுவனத்தில் பணிபுரிந்த கில்லிஸ் லுண்ட்கிரேன் என்பவர் 1956ஆம் ஆண்டையொட்டி ஒரு மேஜையைக் காரில் ஏற்ற முயன்று, கால்கள் இடித்ததால் அவற்றைக் கழற்றிவிட்டு ஏற்றினாராம். பிரித்துக் கட்டும் மேஜைகள் அதற்கு முன்பும் உலகில் இருந்தனவாம். ஆயினும் பிரித்து விற்பதையே ஒரு பெரு வியாபாரமாக்கியது அந்த நிறுவனம்தான்.

இலேசான அலமாரி ஏன் சாய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நான்கு இழுப்பறைகள் கொண்ட, துணிமணியோடு சேர்த்து 40 கிலோ எடையுள்ள அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழுப்பறைகள் மூடியிருக்கையில் அதன் புவியீர்ப்பு மையம் முன்காலுக்கு 22 சென்டிமீட்டர் பின்னே இருக்கிறதென்றால், அதை நிமிர்த்தி வைத்திருக்கும் திருப்புத்திறன் 40ஐ 22ஆல் பெருக்கினால் கிடைக்கும் 880. இழுப்பறைகளும் அவற்றிலுள்ள துணியும் மட்டும் 20 கிலோ என்று கொண்டு, நான்கையும் 30 சென்டிமீட்டர் வெளியே இழுத்துவிட்டால் அதில் 600 கரைந்து 280தான் மிஞ்சுகிறது. இந்த நிலையில், மேலே இருக்கும் பொம்மையை எட்டுவதற்காக, 15 கிலோ எடையுள்ள குழந்தை ஒன்று இழுப்பறைகளைப் படிக்கட்டாக எண்ணி, முன்காலுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே கால் வைத்து ஏறுமானால் எதிர்ப்பக்கத்தில் 450 சேர்கிறது, அலமாரி கவிழ்ந்துவிடுகிறது. அலமாரியில் பழுது ஒன்றும் இல்லை, குழந்தையிடமும் குற்றம் இல்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

ஆனால் அதே கணக்கு ஓர் ஆறுதலையும் சொல்கிறது. கவிழ்க்கும் பக்கத்தின் மிகுதி 170தான். தரையிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்தில், அலமாரியின் உச்சியில், ஒரு பட்டை சுவரோடு பிடித்திருந்தால் அதன்மேல் விழும் இழுப்பு இரண்டு கிலோவுக்கும் குறைவு. குழந்தை தொங்கி ஆடுவதையும் திடீரென்று இழுப்பதையும் உத்தேசித்துப் பத்து மடங்காக்கினாலும் 17 கிலோதான் ஆகிறது. சுவரில் தொங்கவிடும் சமையலறைக் கபோர்டுக்கு அதன் முழுப் பாரத்தையும் தாங்கும் பிடிப்பு வேண்டும். தரையில் நிற்கும் அலமாரிக்கோ உச்சியில் ஒரு சிறு பிடிப்பே போதும். ஆகையால் ஆணி எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிலும், அது எந்த உயரத்தில், எதனுள் ஊன்றியிருக்கிறது என்பதே முக்கியம்.

இந்தச் சிறு பிடிப்பு இல்லாமற்போனதால் நேர்ந்த அனர்த்தம் சிறிதன்று. இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் மாண்டதையடுத்து, 2016 ஜூன் மாதத்தில் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. அவற்றில் பல, சுவரோடு பிணைக்கப்படாமலே நின்றவை. 2022 டிசம்பரில் அந்நாடு இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, சுவரில் பிணைக்காத நிலையிலேயே, 60 பவுண்டு வரை எடையுள்ள குழந்தை ஏறி இழுத்தாலும், தரையில் கம்பளம் விரித்திருந்தாலும், பல இழுப்பறைகள் திறந்திருந்தாலும் சாயாமல் நிற்கும்படி அலமாரிகளைச் செய்யவேண்டுமென்று விதித்திருக்கிறது. நல்ல சட்டம்; ஆனால் நம் வீட்டில் ஏற்கெனவே நிற்கும் அலமாரி அதைப் படித்ததில்லை.

இனிச் சுவருக்கு வருவோம். மரத்தில் திருகாணி தானாகவே பிடித்துக்கொள்கிறது; மரத்தின் நார் விலகி இடம் கொடுத்துப் பிறகு நெருக்கிப் பிடிக்கும் சுபாவம் உடையது. செங்கலுக்கும் சாந்துக்கும் அந்தக் குணமில்லை. உதிர்வதே அவற்றின் இயல்பு. ஆதலால் இரண்டுக்கும் நடுவே இளக்கமான ஒரு பொருள் மத்தியஸ்தம் செய்யவேண்டியிருக்கிறது. முற்காலத்தில் உளியால் சுவரை அகலமாகக் கொத்தி, மரக்கட்டையை அடித்து இறக்கிச் சாந்து பூசிவிடுவார்கள். கட்டை காய்ந்து சுருங்கியபின், திருகாணி கட்டையை விடாமல் பிடித்திருக்க, கட்டை சுவரை விட்டுவிடும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களில் மின்சாதனங்களைப் பொருத்தவேண்டிய பொறுப்பு ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவரிடம் வந்தபோது, அந்தக் கட்டடத்தின் சுவரை அவ்வாறு கொத்திக் குதறுவதற்கில்லை. அவர் சணல் நாரைப் பசையால் இறுக்கிச் சிறு குழலாக்கி, மெல்லிய துளையில் செருகி, அதனுள் திருகாணியை முடுக்கினார். 1911இல் அதற்குக் காப்புரிமையும் கோரினார். நம் ஹார்டுவேர் கடைகளில் ரால் பிளக் என்று கேட்டு வாங்கும் பொருளின் மூதாதை அதுவே. ஜெர்மனியின் ஆர்ட்டூர் ஃபிஷர் 1958இல் அதை நைலானில் செய்தபோது, ஈரத்தில் மக்காத, இரண்டாகப் பிளந்து விரியும், துளைக்குள் தானும் சேர்ந்து சுழலாதபடி சிறகு முளைத்த இன்றைய வடிவம் பிறந்தது. திருகாணி உள்ளே செல்லச் செல்ல பிளக் விரிந்து துளையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் பிடிப்பு, வேறு சூக்ஷ்மம் ஒன்றும் இல்லை.

எனவே, நெருக்குவதற்குத் திடமான ஒன்று வேண்டும். நம் சுவர்களின்மேல் 12 முதல் 20 மில்லிமீட்டர் கனத்துக்குச் சிமெண்ட் பூச்சு இருக்கிறது. பிளக் அதற்குள்ளேயே விரியுமானால் பூச்சுதான் பெயர்ந்து வரும். பூச்சைத் தாண்டிய பிறகு வெளிவரும் தூள், சுவரின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். சிவந்த தூள் வந்தால் செங்கல். சந்தோஷமாக மேலே செல்லலாம். சிவப்பு நடுவிலே சாம்பல் நிறமாக மாறினால் துளை இரண்டு செங்கற்களுக்கு நடுவேயுள்ள சாந்தில் விழுந்திருக்கிறதென்று பொருள். நான்கு சென்டிமீட்டர் மேலோ கீழோ தள்ளிப் போடுவது உத்தமம். டிரில் பிட் முன்னேற மறுத்துக் கிறீச்சிட்டால் அது கான்கிரீட் தூணோ உத்தரமோ ஆகும். அங்கே மட்டும் சுத்தியல் போல் தட்டித் துளைக்கும் யந்திரம் அவசியம். அதே தட்டலை, புதிய அடுக்குமாடிகளில் மிகுந்துவரும், ஏஏசி பிளாக் எனப்படும் நுரைக் கான்கிரீட் கல்லில் பிரயோகித்தால் துளை பிட்டைவிடப் பெரிதாகிவிடும். வெளுத்த மாவு போன்ற தூள் சிரமமின்றி உதிர்ந்தால் அந்த பிளாக்தான் என்று அறிந்து, தட்டலை நிறுத்திவிட்டு, அதற்கென்றே நீளமாகச் செய்து விற்கும் பிளக்கை வாங்கவேண்டும். பிட் திடீரென்று சூனியத்துக்குள் பாய்ந்தாலோ அது ஹாலோ பிளாக். சாதாரண பிளக்குக்கு அங்கே வேலையில்லை. உட்புறம் சென்று குடை போல் விரிந்து பின்பக்கத்தில் தங்கும் டாகிள் போல்ட்டைத் தேடவேண்டும். ஜிப்சம் தடுப்புக்கும் இதுவே உபாயம்.

அலமாரிகளுக்குப் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் பிளக் போதும். 8 மில்லிமீட்டர் பிட்டால் துளைத்து, நாலரை முதல் ஆறு மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள திருகாணியை இடலாம். நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பூச்சுக்கு 15, பிளக்குக்கு 40, இரும்புத் துண்டுக்கு 3, பிளக்கின் நுனியைத் தாண்டித் தலைநீட்ட 5 என்று கூட்டினால் 63 மில்லிமீட்டர் ஆகிறது. பெட்டியோடு திருகாணி வந்திருந்தாலும், நம் சுவரைக் கண்ணால் காணாதவர் போட்டு அனுப்பிய அது பல சமயம் இதில் பாதி நீளமே இருக்கும். துளையைப் பிளக்கின் நுனி எட்டும் இடத்துக்கு மேலும் ஒரு சென்டிமீட்டர் ஆழமாக்கி, தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்வது நலம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும், நேர் பக்கவாட்டிலும் வயர் ஓடியிருக்கக்கூடும். குளியலறையின் மறுபக்கச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கும். இவ்விடங்களைத் தொடாமல் விடுவதே விவேகம்.

சுவரில் பிடிப்பு நன்றாயிருந்தும் அலமாரியில் அதைத் தவறான இடத்தில் மாட்டினால் பயனில்லை. அலமாரியின் முதுகில் அடிக்கும் மூன்று மில்லிமீட்டர் தகட்டுப் பலகை, சதுரத்தைச் சாய்சதுரமாகாமல் காக்கும் பெரிய காரியத்தைச் செய்கிறதே தவிர, இழுப்பைத் தாங்காது. இரும்புத் துண்டை மேற்பலகையிலோ பக்கப் பலகையின் பின்னோரத்திலோதான் முடுக்கவேண்டும். பலகை 16 மில்லிமீட்டர் என்றால் திருகாணி 15ஐத் தாண்டலாகாது. பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை இறுக்கிய திருகாணியைக் கழற்றித் திரும்பவும் அதே துளையில் முடுக்கினால் பிடிப்புக் குறையும். ஈரத்தில் ஊறிய போர்டிலோ பிடிப்பே இராது. நம் வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. சுவரின் அடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல் அலமாரியின் காலை முன்னே தள்ளிவிடுவதால், உச்சியில் ஓர் இடைவெளி விழுகிறது. பட்டையைத் தொய்வாக விட்டால், அலமாரி அந்தத் தொய்வளவு சாய்ந்து வேகம் பெற்றபிறகே பட்டை இழுபடும். இடைவெளிக்குள் ஒரு மரத்துண்டை வைத்து அடைத்து, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றாக இரண்டு பிடிப்புகளை இறுக்கமாகப் போடுவதே சரி.

சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வாடகை வீட்டின் முதல் சட்டமாயிருப்பதால், பலர் இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒட்டும் பட்டையை நாடுவார்கள். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் பூசிய சுவரில் அது பெயிண்டைத்தான் பிடித்திருக்கும், சுவரையன்று. அதைவிட, அலமாரியின் பின்னே மறைந்துபோகும் இரண்டு துளைகள் எதற்காக என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறலாம். அவர் எவ்வளவு சொல்லியும் இசையாவிட்டால் குழந்தையுள்ள வீட்டில் இடுப்புயரத்துக்கு மேற்பட்ட இழுப்பறை அலமாரியை வாங்காதிருப்பதே என் அபிப்பிராயம். இசைந்துவிட்டால், வீடு காலி செய்யும் நாளில் பிளக்கைக் குறட்டால் பிடுங்கி, துளையை நனைத்து, வெள்ளைச் சிமெண்டை இரண்டு தடவையாக வைத்து அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். காயும் நேரம் போக, அரை மணி நேர வேலை.