வாசல் வரைக்கும் ஃபைபர் வந்தாச்சு, லைன் மட்டும் ஏன் கிடைக்கல?

எதிர்வீட்டில் ஃபைபர் இணையம் ஓடுது. அதே தாமானில் இருக்கும் நீங்க விண்ணப்பிச்சா மட்டும் 'போர்ட் பெனோ' என்று பதில் வருது. அதாவது, போர்ட் காலி இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து கேட்டாலும் அதே பதில்தான். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வீட்டிலிருந்து செய்யும் வேலை எல்லாமே கைப்பேசி டேட்டாவில் ஓடுது.

கேபிள்தான் வந்துடுச்சே, அப்புறம் என்ன தடை?

தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வீடு தனித்தனி இழை வருவதில்லை. ஒரே இழையில் வரும் ஒளியை 'ஸ்ப்ளிட்டர்' எனும் சிறு கருவி பல கிளைகளாகப் பிரிக்குது. அந்தக் கிளைகள் கம்பத்திலோ சாலையோரத்திலோ உள்ள ஒரு பெட்டியில் வந்து முடியும். அந்தப் பெட்டியில் இருக்கும் இணைப்பு இடங்கள்தான் போர்ட். 8 போர்ட் உள்ள பெட்டியை நம்பி 12 வீடுகள் இருந்தால், 4 வீடுகள் காத்திருக்க வேண்டியதுதான். அவர்களுக்காக இன்னொரு பெட்டி வைத்தால் போட்ட பணம் திரும்புமா என்று நிறுவனம் கணக்குப் பார்க்கும். இழுபறி பெரும்பாலும் இங்கேதான்.

வேற நிறுவனத்துக்கு மாறினால்? பல நிறுவனங்கள் இன்னொருவரின் கேபிளை வாடகைக்கு எடுத்துத்தான் சேவையை விற்கின்றன. பில்லில் பெயர் மாறும், கம்பத்தில் அதே பெட்டிதான். உங்க பகுதியில் சொந்தமாகக் கேபிள் போட்டிருக்கும் நிறுவனம் என்றால் வாய்ப்பு உண்டு.

கேபிளே வராத இடங்களின் கதை வேற. தொலைத்தொடர்பு மத்திய அரசின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் கையில். சாலையைத் தோண்ட ஊராட்சி மன்றம் அனுமதிக்கணும். அடுக்குமாடி என்றால் நிர்வாகக் குழுவும் சம்மதிக்கணும்.

2020-ல் அரசாங்கம் ஜென்டேலா திட்டத்தை அறிவித்தது. (மலாயில் ஜென்டேலா என்றால் ஜன்னல். இரண்டு சொல்லுமே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை.) 2022 முடிவுக்குள் 75 லட்சம் கட்டடங்களுக்கு ஃபைபர் என்பது அதன் இலக்கு. ஆனால் அந்தக் கணக்கு, கேபிள் 'கடந்து செல்லும்' கட்டடங்களின் கணக்கு. உள்ளே லைன் இருக்கா என்பது அதில் வராது. போர்ட் கிடைக்காத வீடும் அந்தக் கணக்கில் இருக்கலாம். செய்தியில் பெரிய எண்ணைப் பார்க்கும்போது மக்களுக்கு எரிச்சல் வருவதில் ஆச்சரியமே இல்லை. எத்தனை வீடுகள் கேட்டும் கிடைக்காமல் இருக்கு என்பதையும் பகுதிவாரியாகச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

இப்போதைக்கு நீங்க செய்யக்கூடியது: கேபிளே இல்லையா, போர்ட் மட்டும் இல்லையா என்பதை நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேளுங்க. இரண்டுக்கும் தீர்வு வேற. விண்ணப்ப எண்ணைப் பத்திரமா வைங்க. அக்கம்பக்கத்தாரையும் விண்ணப்பிக்கச் சொல்லுங்க; 4 வீடு 10 வீடானால் நிறுவனத்தின் கணக்கும் மாறலாம். முறையான பதில் வரலையா? அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 1800-188-030 எண்ணில் புகார் கொடுங்க.