யாழும் வீணையும் ஒன்றா?
பாடத்தில் யாழ் வந்தால் படத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். “வீணைதானே ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டபோது தடுமாறினேன்.

அந்த வாரமே ஒரு பல்கலைக்கழக இசைத்துறைக்குப் போனேன். நூலகத்தில் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) இருந்தது. படித்துவிட்டுப் பயிற்சி அறையில் வீணையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. வீணையில் 24 மெட்டுகள். ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டில் அழுத்தினால் வெவ்வேறு சுரம் பிறக்கும். யாழில் மெட்டு கிடையாது. சுரத்துக்கு ஒரு நரம்பு. அதனால்தான் சகோட யாழுக்கு 14, பேரியாழுக்கு 21 நரம்புகள்.

வகுப்பில் அட்டைப்பெட்டியில் ரப்பர் வளையங்களை மாட்டினேன். ஒன்றையே இடம் மாற்றி அழுத்தி மீட்டினால் வீணை. பருமன் வேறுபட்டவற்றை அழுத்தாமல் மீட்டினால் யாழ். கேள்வி கேட்டவளே முதலில் மீட்டினாள்.

நான் போன நூலகத்தில் நூலை வெளியே தரமாட்டார்கள். குறிப்பேடு கொண்டு போங்கள்.